சட்டத்தோடு மல்லுக்கு நின்றவர் மார்ட்டின் லூதர்

மார்ட்டின் லூதர் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கிங்கின் முகமே மனத்தில் தோன்றும். கிங்கின் தந்தை 1934-ஆம் ஆண்டு ஜெர்மனிக்குச் சென்று வந்த பிறகுதான் மைக்கேல் என்றிருந்த தம் பெயரையும் தம் மகனின் பெயரையும் மார்ட்டின் லூதர் என்று மாற்றினார். இந்தக் கட்டுரை அந்தப் பெயருக்கு உரிய முதல் மனிதரைப் பற்றியது. சமயச் சீர்திருத்தவாதி என்று பள்ளி வரலாற்றுப் பாடத்தில் ஓரிரு வரிகளில் நாம் கடந்து வந்த அந்த ஜெர்மானியத் துறவியைப் பற்றியது.

லூதரைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது. ஜெர்மன் மொழிக்கு அவர் செய்த தொண்டை எழுதலாம். அச்சு இயந்திரத்தை அவர் பயன்படுத்திய விதத்தை எழுதலாம். ஆனால், சட்டத்துறை மாணவி என்ற முறையில் என் கண்ணில் பட்டது வேறோர் இழை. இறைவன் மனிதனுக்குச் சட்டங்களைக் கொடுத்தது எதற்காக? அவற்றைக் கடைப்பிடித்து மோட்சம் அடைவதற்காகவா, அல்லது கடைப்பிடிக்க முடியாது என்று உணர்வதற்காகவா? முடியாது என்றால் அந்தச் சட்டம் இருந்து என்ன பயன்? கிறிஸ்துவ சமயத்தில் முதல் நூற்றாண்டிலேயே பவுல் எழுப்பிய கேள்வி இது. லூதருக்கோ இது உயிர்போகிற கேள்வியாக இருந்தது.

அவர் 1483-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் ஐஸ்லேபன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஹான்ஸ் உழவர் குடும்பத்திலிருந்து வந்து, செப்புச் சுரங்கத் தொழிலில் படிப்படியாக முன்னேறியவர். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் அந்தத் தந்தைக்கு ஓர் ஆசை வந்தது. மகன் சட்டம் படிக்க வேண்டும், பெரிய இடத்தில் வேலை பார்க்க வேண்டும், நல்ல குடும்பத்தில் பெண் எடுக்க வேண்டும். (இந்த ஆசைக்கு நாடும் இல்லை, காலமும் இல்லை போலும்! நம் வீடுகளில் மருத்துவர், வழக்கறிஞர் என்ற இரண்டு சொற்களுக்கு இருக்கும் மவுசு நமக்குத் தெரியாததா?) மகனும் 1501-இல் எர்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1505-இல் முதுகலைப் பட்டம் பெற்று, தந்தையின் விருப்பப்படியே சட்டப் படிப்பைத் தொடங்கினார்.

அந்தப் படிப்பு சில வாரங்கள்தான் நடந்தது. 1505 ஜூலை 2-ஆம் நாள் வீட்டிலிருந்து எர்ஃபர்ட்டுக்குத் திரும்பும் வழியில், ஸ்டோட்டர்ன்ஹைம் என்ற ஊருக்கு அருகே பெரும் இடிமழையில் சிக்கினார். அருகிலேயே மின்னல் விழுந்தது. செத்தோம் என்று நினைத்தவர், சுரங்கத் தொழிலாளரின் காவலரான புனித அன்னம்மாளை அழைத்து, பிழைத்தால் துறவியாகிவிடுவதாக நேர்ந்துகொண்டார். பதினைந்தே நாளில் எர்ஃபர்ட்டில் இருந்த அகஸ்தீனியர் மடத்தின் கதவைத் தட்டிவிட்டார். தந்தைக்கு வந்த கோபம் இலேசானதன்று. 1507-இல் லூதர் குருவாகி முதல் பூசை நிறைவேற்றியபோது, ஹான்ஸ் இருபது பேரோடு குதிரையில் வந்து மடத்துக்குக் காணிக்கையும் கொடுத்தார். ஆனால் விருந்தில் மனத்தாங்கல் வெளிப்பட்டது. மின்னலில் கேட்டது இறைவனின் அழைப்புத்தான் என்று மகன் சொன்னதற்கு, அது பேயின் மாயமாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார் தந்தை. தாய் தந்தையை மதிக்க வேண்டும் என்ற கட்டளை பத்துக் கட்டளைகளில் இருப்பதையும் சபையிலேயே நினைவூட்டினார். அந்தச் சொல் லூதரின் நெஞ்சில் முள்ளாகத் தங்கியது. பல ஆண்டுகள் கழித்துத் தம் நூல் ஒன்றைத் தந்தைக்குக் காணிக்கையாக்கியபோதும் அவர் இதை மறக்காமல் குறிப்பிட்டார்.

மடத்து வாழ்க்கை முழுவதும் ஒழுங்குவிதிகள்தாம். நள்ளிரவில் எழுந்து செபிக்க ஒரு விதி, உண்ண ஒரு விதி, பேசாமல் இருக்க ஒரு விதி. மற்றவர்களுக்குப் போதுமானதாக இருந்த இந்த விதிகள் லூதருக்குப் போதவில்லை. விதித்ததற்கும் மேலாக நோன்பிருந்தார்; குளிரில் போர்வையின்றிக் கிடந்தார். 1215-இல் நடந்த நான்காம் லாத்தரன் சங்கம், கிறிஸ்துவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் தம் பாவங்களைக் குருவிடம் அறிக்கையிட வேண்டும் என்று சட்டம் செய்திருந்தது. லூதரோ ஆண்டு முழுவதும் அறிக்கையிட்டுக்கொண்டிருந்தார். மணிக்கணக்கில் சொல்லி முடித்து வெளியே வந்ததும், சொல்லாமல் விட்ட ஒரு பாவம் நினைவுக்கு வந்துவிடும். உடனே திரும்ப ஓடுவார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார் அவருடைய மேலாளரும் நல்லாசிரியருமான ஸ்டாவ்பிட்ஸ்.

இதை மனநோய் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. லூதர் சட்டத்தை ஒரு நல்ல வழக்கறிஞரின் கண்ணோடு எழுத்தெழுத்தாகப் படித்தார் என்றே நினைக்கிறேன். கொலை செய்யாதே, களவு செய்யாதே என்ற கட்டளைகளை வெளிச்செயலில் எவரும் கடைப்பிடித்துவிடலாம். ஆனால் விவிலியத்தின் தலையாய கட்டளை, இறைவனை முழு உள்ளத்தோடு நேசிக்கச் சொல்கிறது. அன்பு கட்டளையிட்டு வருகிற பொருளா? நேசிக்காவிட்டால் தண்டனை என்று சொல்லும் ஒருவரை அச்சமின்றி நேசிப்பது எப்படி? நேசிக்க முயன்ற ஒவ்வொரு முறையும் தமக்குள் இறைவன்மீது வெறுப்புத்தான் ஊறியது என்று பிற்காலத்தில் அவர் ஒளிக்காமல் எழுதினார். சட்டத்தை மீறியவர்களின் கதை நமக்கு நிறையத் தெரியும். சட்டத்தைச் சரியாகக் கடைப்பிடிக்க முயன்றதனாலேயே நொறுங்கிய மனிதரின் கதை இது.

ஸ்டாவ்பிட்ஸ் கெட்டிக்காரர். தமக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த இந்த இளைஞருக்கு வேலை கொடுத்தார். 1512-இல் லூதர் இறையியலில் முனைவர் பட்டம் பெற்று, விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தில் விவிலியப் பேராசிரியரானார். முதலில் சங்கீதங்கள், பிறகு 1515-இலும் 1516-இலும் பவுல் உரோமருக்கு எழுதிய திருமுகம், அதன்பின் கலாத்தியருக்கு எழுதிய திருமுகம் என்று விரிவுரைகள் நடத்தினார். இந்தப் பாடங்களைத் தயாரித்த ஆண்டுகளில்தான் அவருக்கு விடிந்தது. இறைவனின் நீதி என்ற சொல்லை அதுவரை அவர் நீதிபதியின் நீதியாகவே புரிந்துவைத்திருந்தார். குற்றவாளியைத் தண்டிக்கும் நீதி அது. பவுல் பேசுவதோ கொடுக்கப்படும் நீதியைப் பற்றி என்று அவர் இப்போது கண்டார். இறைவன் கிறிஸ்துவின்பொருட்டு மனிதனை நீதிமானாக ஏற்றுக்கொள்கிறார். மனிதன் அதை விசுவாசத்தால் பெற்றுக்கொள்கிறான், உழைத்துச் சம்பாதிப்பதில்லை.

அப்படியானால் நியாயப்பிரமாணம் எதற்கு? தமிழ் விவிலியம் சட்டத்தைக் குறிக்க வழங்கும் அழகான சொல் இது. லூதர் தந்த விடை, அது ஏணியன்று, கண்ணாடி என்பதே. ஏறிப் போவதற்காக அது கொடுக்கப்படவில்லை. முகத்தில் உள்ள கறையைக் காட்டவே கொடுக்கப்பட்டது. கண்ணாடியால் முகத்தைக் கழுவ முடியாது. ஆனால் கண்ணாடி பார்க்காதவன் தண்ணீரைத் தேட மாட்டான். இதோடு இன்னொரு பயனையும் அவர் சொன்னார். கெட்டவர்களைக் கட்டுக்குள் வைத்து, ஊரில் அமைதி நிலவச் செய்வதும் சட்டத்தின் வேலைதான். நம் குற்றவியல் சட்டம் செய்வதும் அதைத்தானே! ஆனால் இந்த இரண்டு வேலைகளில் எதுவும் ஒருவனை இறைவன் முன் நல்லவனாக்காது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

1517-இன் கதை பலருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டவும், மைன்ஸ் பேராயர் ஆல்பிரக்ட் ஃபுகர் வங்கியில் பட்ட கடனை அடைக்கவும் பாவமன்னிப்புச் சீட்டுகள் விற்கப்பட்டன. அக்டோபர் 31-ஆம் நாள் லூதர் அதைக் கேள்வி கேட்டு, 95 கருத்துரைகளை அந்தப் பேராயருக்கே அனுப்பினார். ஆலயக் கதவில் ஆணியடித்தாரா இல்லையா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியோ சில மாதங்களில் ஜெர்மனி முழுவதும் அந்தத் தாள் பரவிவிட்டது.

எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது 1520 டிசம்பர் 10-ஆம் நாள் காலை. விட்டன்பெர்க் நகரத்தின் எல்ஸ்டர் வாயிலுக்கு வெளியே மாணவர்கள் கூடித் தீ மூட்டினார்கள். போப்பாண்டவர் அனுப்பிய எச்சரிக்கை ஆணையை லூதர் அதில் போட்டார் என்பது அனைவரும் சொல்வது. அன்று அந்தத் தீயில் திருச்சபைச் சட்டநூல்களும் எரிந்தன. நோன்பு, திருமணம், குருக்களின் துறவறம் என ஒவ்வொன்றுக்கும் விதி வகுத்த நூல்கள் அவை. மனிதர் இயற்றிய விதிகளை இறைச்சட்டமாக்கி, மீறியவனுக்கு நரகம் என்று மிரட்டியதே அந்த நூல்களின்மீது அவருடைய குற்றச்சாட்டு. அடுத்த மாதமே அவர் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். 1521 ஏப்ரலில் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன் நின்று, எழுதியதைத் திரும்பப் பெற மறுத்தார். பிறகு வார்ட்புர்க் கோட்டையில் ஒளிந்திருந்தபடி ஏறத்தாழ பதினொரு வாரத்தில் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அது 1522 செப்டம்பரில் அச்சாகி வந்தது.

அவர் இல்லாத நேரத்தில் விட்டன்பெர்க்கில் ஒரு வேடிக்கை நடந்தது. சக பேராசிரியர் கார்ல்ஸ்டாட்டும் வேறு சிலரும் சீர்திருத்தத்தை விரைவுபடுத்தினார்கள். ஆலயச் சிலைகள் அகற்றப்பட்டன. நோன்பை முறிப்பதும், திருவிருந்தின் அப்பத்தைத் தம் கையாலேயே எடுத்து உண்பதும் உண்மைக் கிறிஸ்துவனின் அடையாளமாயின. 1522 மார்ச்சில் லூதர் உயிருக்கு இருந்த ஆபத்தையும் பொருட்படுத்தாமல் திரும்பி வந்து, எட்டு நாள் தொடர்ந்து பிரசங்கம் செய்தார். செய்த மாற்றங்கள் பலவற்றில் அவருக்கு உடன்பாடுதான். ஆனால் உண்ணாதே என்ற சட்டத்தை ஒழித்துவிட்டு உண்டே தீர வேண்டும் என்று சட்டம் போட்டால், அதுவும் அதே நுகம்தான் என்றார். புரட்சி செய்தவர்கள் புதிய விதிகளால் பழைய அதிகாரத்தையே திரும்பக் கொண்டுவருவது சமயத்தில் மட்டும் நடப்பதன்று. அதை இவ்வளவு விரைவில் கண்டுகொண்டவர் அதிகம் இல்லை.

கண்டுகொண்டவரே 1525-இல் தடுமாறினார். உரிமை கேட்டு எழுந்த உழவர்கள் லூதரின் சுதந்திரப் பேச்சையே துணைக்கு அழைத்தார்கள். முதலில் பிரபுக்களையும் கண்டித்த லூதர், கலகம் வன்முறையானதும் உழவர்களை இரக்கமின்றி வெட்டச் சொல்லி எழுதினார். பல்லாயிரம் உழவர்கள் மாண்டார்கள். ஊர் அமைதிக்கு அரசச் சட்டம் வேண்டும் என்ற கோட்பாடு அந்த எழுத்துக்கு ஒரு காரணம். ஆனால் அது சமாதானமாகாது. அதே ஆண்டில்தான் அவர் முன்னாள் கன்னியாஸ்திரீ காத்தரீனா வான் போராவைத் திருமணம் செய்தார். மோசேயின் சட்டத்தைக் கிறிஸ்துவர் எப்படிப் பார்க்க வேண்டும் என்று விளக்கிய அவருடைய பிரசங்கமும் 1525-இல்தான் நடந்தது. மோசே வகுத்தது யூத மக்களின் நாட்டுச் சட்டம். சாக்சனி நாட்டாருக்குத் தங்கள் சட்டம் இருப்பதுபோல அது அவர்களுக்கு உரியது. மற்ற மக்களைக் கட்டுப்படுத்துவது, எல்லா மனிதரின் இதயத்திலும் இயல்பாகவே எழுதப்பட்டதோடு ஒத்துப்போகும் பகுதி மட்டும்தான் என்றார். சட்ட வரலாறு படிப்பவர்கள் இந்த வாதத்தைத் தேடிப் படிக்கலாம்.

பிறகு நேர்ந்தது அவரே எதிர்பாராதது. 1528-இல் சாக்சனியின் ஊர்ச் சபைகளைப் பார்வையிடச் சென்றவர் அதிர்ந்துபோனார். மக்களுக்குப் பத்துக் கட்டளைகள் தெரியவில்லை. சில போதகர்களுக்கே செபம் சரியாகச் சொல்ல வரவில்லை. கிருபையைப் பற்றிய போதனையைக் கேட்டவர்கள், இனிக் கவலையில்லை என்று சும்மா இருந்துவிட்டார்கள். அதன் விளைவாக 1529-இல் எழுதப்பட்டதுதான் சிறிய ஞானோபதேசம். வீட்டுத் தலைவர் பிள்ளைகளுக்குக் கேள்வி பதிலாகச் சொல்லிக்கொடுக்கும் சின்ன நூல். அதில் அவர் முதலில் வைத்தது பத்துக் கட்டளைகளை. விசுவாச அறிக்கையும் கர்த்தர் கற்பித்த செபமும் அடுத்தே வருகின்றன. நோய் இன்னதென்று தெரிந்த பிறகுதானே மருந்து? ஒவ்வொரு கட்டளைக்கும் அவர் எழுதிய விளக்கத்தைப் பாருங்கள். கொலை செய்யாதே என்றால் அடுத்தவனின் உடலுக்குத் தீங்கு செய்யாதிருப்பதோடு, அவன் துன்பத்தில் உதவவும் வேண்டும். களவு செய்யாதே என்றால் அடுத்தவன் பொருளைக் காக்கத் துணை நிற்க வேண்டும். பொய்ச்சாட்சி சொல்லாதே என்றால் பிறர் செயலுக்கு நல்ல பொருள் கொள்ளப் பழக வேண்டும். நன்னெறிக் கல்விப் பாடத்தில் நெறிகளை வரையறையோடு ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்து மதிப்பெண் வாங்கிய நமக்கு, இந்த விளக்கங்கள் சற்றே பொறாமையைக்கூட உண்டாக்கும்.

இந்தச் சின்ன நூலுக்கும் தமிழுக்கும் தொடர்பு உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு இதைத் தமிழில் பெயர்த்தார். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவரும் அவரே. அந்த மரபில் வந்த தமிழர்கள் மலாயாவுக்கும் வேலை தேடி வந்தார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் சீயோன் லுத்தரன் ஆலயத்தைக் கடந்து செல்பவர்கள், அந்தப் பெயர்ப்பலகையில் ஒரு செப்புச் சுரங்கக்காரரின் மகன் இருப்பதை நினைத்துப் பார்க்கலாம்.

லூதரின் வாழ்வில் என்னை மிகவும் பாதித்த பகுதி அவர் போப்பாண்டவரோடு இட்ட சண்டையன்று, நண்பரோடு இட்டது. யோகான் அக்ரிகோலா, லூதர் பிறந்த அதே ஐஸ்லேபனில் பிறந்தவர், அவருடைய மாணவர். பிறகு ஐஸ்லேபன் பள்ளிக்குத் தலைவரானார். மனிதன் மனம் திரும்புவதற்குச் சட்டம் தேவையில்லை, கிறிஸ்துவின் அன்பைச் சொன்னாலே போதும் என்பது அவருடைய கருத்து. கட்டளைகளின் இடம் நகர மன்றம், பிரசங்க மேடையன்று என்பதாகவும் அந்தக் கருத்து வளர்ந்தது. 1527-இல் இது பற்றி மெலாங்க்டனோடு அவருக்கு ஏற்பட்ட பூசலை லூதரே சமாதானப்படுத்தி வைத்தார். 1536-இன் இறுதியில் அக்ரிகோலா குடும்பத்தோடு விட்டன்பெர்க் வந்தபோது, லூதர் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். ஆனால் பழைய கருத்து மீண்டும் தலைதூக்கியது. 1537 டிசம்பர் முதல் லூதர் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே தொடர் விவாதங்கள் நடத்தினார்.

அக்ரிகோலாவின் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. அவர் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை. இளம் லூதரிடம் கற்றதைத்தான் சொன்னார். சட்டத்தின் சுமையால் நொறுங்கியவரே இப்போது சட்டத்துக்காக வழக்காடுகிறாரே என்று அவர் திகைத்திருக்க வேண்டும். லூதர் இரண்டு விதமாக விடையளித்தார். சட்டத்தை நீக்கினால் பாவம் என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. பாவம் இல்லையென்றால் கிறிஸ்து மன்னிப்பதற்கும் ஒன்றுமில்லை. இது தருக்கம். மேலும், மேடையிலிருந்து விலக்கினாலும் அது மனிதன் மனத்திலிருந்து போய்விடாது. மரணமும் மனச்சாட்சியும் அதைப் பிரசங்கித்துக்கொண்டே இருக்கும். அடுத்த விடையே எனக்குப் பெரிதாகப் படுகிறது. தாம் தொடங்கிய காலத்தில் மக்கள் அச்சத்தில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு ஆறுதல்தான் தேவைப்பட்டது என்றார். இப்போது கேட்பவர்கள் வேறு. கவலையற்று, சுகமாக இருக்கிறார்கள். நடுங்குகிறவனுக்குச் சொன்ன சொல்லை உறங்குகிறவனுக்குச் சொன்னால் அவன் இன்னும் ஆழமாக உறங்குவான். கேட்பவன் யார் என்று பாராமல் இரண்டையும் பிரித்தறிய முடியாது என்பதே அவருடைய வாதம். 1540-இல் அக்ரிகோலா பெர்லினுக்குச் சென்று, பிராண்டன்பர்க் அரசவைப் போதகரானார். அந்த நட்பு பிறகு ஒட்டவேயில்லை.

விசுவாசம் கொண்டவனுக்கு வாழ்க்கை வழிகாட்டியாகவும் சட்டம் பயன்படுமா என்ற கேள்வி அதோடு முடியவில்லை. மெலாங்க்டன் 1535-இலேயே அதை மூன்றாவது பயன் என்று சேர்த்திருந்தார். ஜெனீவாவின் கால்வினோ அதுவே தலையாய பயன் என்றார். லூதரன் சபைகள் 1577-இல் வகுத்த அறிக்கையிலும் அது இடம்பெற்றது. லூதர் அதை ஏற்றிருப்பாரா என்பது இன்றும் ஆய்வாளர்களின் சண்டை.

அவருடைய கடைசி ஆண்டுகளைப் பூசி மெழுக இயலாது. ஹெஸ்ஸே நாட்டுப் பிரபு பிலிப், மனைவி இருக்கும்போதே இன்னொருத்தியை மணக்க விரும்பியபோது, 1539-இல் லூதர் இரகசியமாக அதற்கு இணங்கி ஆலோசனை சொன்னார். விஷயம் வெளியானபோது மறுத்துவிடும்படியும் சொன்னார். சட்டத்தின் மாண்பைப் பற்றி விவாதங்கள் நடத்திக்கொண்டிருந்த அதே காலம் அது! அதைவிடக் கொடியது 1543-இல் அவர் யூதர்களைப் பற்றி எழுதியது. 1523-இல் அவர்களிடம் அன்பாக நடக்கச் சொன்னவர், இருபது ஆண்டில் அவர்களின் தொழுகைக்கூடங்களை எரிக்கவும், வீடுகளை இடிக்கவும், போதகர்கள் கற்பிப்பதைத் தடுக்கவும் சொன்னார். நாஜிகள் அந்த எழுத்தை எடுத்து ஆண்டார்கள். அமெரிக்காவின் மிகப் பெரிய லூதரன் சபை 1994-இல் அதை வெளிப்படையாக நிராகரித்தது. பிறர் செயலுக்கு நல்ல பொருள் கொள்ளச் சொன்ன ஞானோபதேசத்தை எழுதிய கையே இதையும் எழுதியது.

1546 ஜனவரியில் உடல் நலிந்திருந்த லூதர், கடுங்குளிரில் ஐஸ்லேபனுக்குப் பயணப்பட்டார். மான்ஸ்ஃபெல்ட் பிரபுக்களான உடன்பிறப்புகளுக்கிடையே உரிமைகள் பற்றி நெடுநாளாக இழுபறி வழக்கு. தம் குடும்பம் பிழைத்த சுரங்கத் தொழிலும் அதில் சிக்கியிருந்தது. சட்டப் படிப்பை விட்டு ஓடியவர், மூன்று வாரம் வழக்கறிஞர்களோடு உட்கார்ந்து பத்திரங்களைப் பார்த்தார். அவர்களின் பிடிவாதத்தைப் பற்றி மனைவிக்குக் கடிதங்களில் புலம்பவும் செய்தார். பிப்ரவரி 16-ஆம் நாளும் 17-ஆம் நாளும் உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. 18-ஆம் நாள் விடியுமுன்னே லூதர் காலமானார். உடலை விட்டன்பெர்க் கொண்டுசென்று, 22-ஆம் நாள் கோட்டை ஆலயத்தில் பிரசங்க மேடைக்கு அருகே அடக்கம் செய்தார்கள். பெர்லினில் அக்ரிகோலா இன்னும் இருபது ஆண்டு வாழ்ந்து, 1566-இல் இறந்தார்.